உதவித்தொகை யாருக்கு? மார்க்குக்கா, நிலைமைக்கா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இன்றைக்குக் கூட்டம் ஆரம்பிக்கும் முன்னாலேயே பின்வரிசையில் வேறொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. "உங்க பொண்ணுக்கு ரேங்க் வந்துருச்சா?", "கவுன்சலிங் எப்பவாம்?", "சீட்டு கிடைக்குமாக்கா?" என்று ஒரே பேச்சு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக்கூட யாரும் எழுந்து வரவில்லை. நாங்களும் அதட்டவில்லை. இந்த இரண்டு மாதமும் நம் கூட்டமைப்பில் எந்தக் குழுவுக்குப் போனாலும் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு இந்தப் பேச்சுத்தான். ஆகவே இன்றைய பொருளும் அதுதான். காத்திருக்கிற நாட்களில் என்ன செய்வது, நம்முடைய கல்வி நிதியை யாருக்குக் கொடுப்பது, இந்த இரண்டையும் பேசுவோம். இரண்டாவதுதான் சண்டை வருகிற விஷயம். அதனால் முதலாவதைக் கொஞ்சம் வேகமாக முடித்துவிடலாம்.

காத்திருக்கிற காலம்

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. இஞ்சினியரிங் ரேங்க் பட்டியல் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வருகிறது. அதற்குப் பிறகு சுற்றுச் சுற்றாகக் கவுன்சலிங். ஆக, மார்க் தெரிந்த நாளிலிருந்து கல்லூரிப் பெயர் தெரியும் நாள்வரை இரண்டு மாதம், சில பேருக்கு மூன்று மாதம்கூட ஆகிறது. விவசாய வீட்டுக்காரங்களுக்கு விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது புதுசில்லை. ஆனால் மழைக்குக் காத்திருக்கும்போது வீட்டுக்கு வந்து "மழை உறுதி, பத்தாயிரம் முன்பணம் கட்டுங்க" என்று யாரும் சொல்வதில்லையே! இங்கே சொல்கிறார்கள். ரிசல்ட் வந்த மறுநாளே நம் பிள்ளைகளின் போன் நம்பர் எப்படித்தான் கிடைக்கிறதோ, கல்லூரி ஏஜெண்டுகள் வரிசையாகப் பேசுகிறார்கள். "அப்புறம் இடம் இருக்காது, இன்னைக்கே கட்டிடுங்க" என்கிறார்கள். பயந்துபோய் உள்கடன் வாங்கிக் கட்டிய வீடுகள் நம்மிடமே உண்டு.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஏஜெண்ட் மூலம் சேருவது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம். அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் கிடைக்கும் இடம் வேறு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும் கட்டண உதவி எல்லாம் கவுன்சலிங் வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான். அவசரப்பட்டு ஏஜெண்டிடம் கட்டினால் முன்பணம் மட்டும் போவதில்லை. நாலு வருடத்துச் சலுகையும் சேர்ந்து போகிறது.

"கட்டியாச்சு, இப்ப சர்டிபிகேட்டைத் தரமாட்டேங்கறாங்க" என்று வருகிற அக்காமார்களும் உண்டு. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது, விலகுகிற மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2018-லேயே பல்கலைக்கழக மானியக் குழு விதி போட்டிருக்கிறது. எவ்வளவு திரும்ப வரும் என்பது எந்தத் தேதியில் விலகினோம் என்பதைப் பொறுத்தது. அதனால் விலகுவதென்றால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நம் குழுவில் ஐம்பது ரூபாய்க்குக்கூட ரசீது எழுதுகிற நாம், அங்கே போய் ஐம்பதாயிரத்துக்குச் சும்மா தலையாட்டிவிட்டு வருகிறோம்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டியவை. ரேங்க் வந்த பிறகு ஓடினால் எல்லாரும் அன்றைக்குத்தான் ஓடுவார்கள். காத்திருக்கிற நாட்களை இதற்குப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம்போலத் தெரியும். விண்ணப்பத்தில் யார் போன் நம்பர் கொடுத்தீர்கள்? 2018-க்கு முன்னால் சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டியிருந்தது. தாயும் மகளும் ராத்திரி பஸ் ஏறிப் போய், பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் பஸ் கட்டணத்தில் பாதிச் சலுகைகூட இருந்தது. இப்போது எல்லாம் இணையத்தில். அலைச்சல் மிச்சம், வாஸ்தவம். ஆனால் ரகசிய எண் வருவது போனுக்கு. அந்த போன் அண்ணனிடம் இருக்கிறது, அவர் திருப்பூரில் இருக்கிறார்! தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு இரண்டொரு நாளுக்குள் 'சேருகிறேன்' என்றோ 'இதைவிட மேலே உள்ள விருப்பம் கிடைத்தால் மாறுகிறேன்' என்றோ பதில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஆகவே பிள்ளை கையில் இருக்கிற, ரீசார்ஜ் முடியாத நம்பராக இருக்கட்டும். விருப்பப் பட்டியலையும் நாலே நாலு கல்லூரியோடு நிறுத்தாதீர்கள். ரொம்பப் பிடித்ததை முதலில் போட்டு, கீழே நிறையப் போடுங்கள். வழிகாட்ட அரசு உதவி மையங்கள் மாவட்டம்தோறும் உண்டு. அங்கே போய்க் கேட்பதற்குக் காசு கிடையாது.

பிள்ளைகளின் மனசையும் பாருங்கள். காத்திருப்பது நமக்குக் கவலை, அவர்களுக்குப் பாரம். "பக்கத்து வீட்டுப் பிள்ளை இத்தனை, நீ இத்தனைதானா" என்ற வார்த்தையைச் சோறு போடும்போது சொல்லாதீர்கள். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் இருந்தால் சும்மா விடவேண்டாம். 104-க்கோ 14416-க்கோ போன் செய்தால் மனநல ஆலோசகர் பேசுவார். காசு கிடையாது, பெயர் வெளியே போகாது.

தகுதி என்பது யார் அளந்தது?

இப்போது சண்டைக்கு வருவோம். போன மாதம் தொகுப்புக் கூட்டங்களில் நம் கல்வி நிதி பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு குரல் மறுபடி மறுபடி கேட்டது. "தகுதி உள்ள பிள்ளைக்குக் கொடுங்க. மார்க் இருக்குல்ல, அதைப் பாருங்க." நியாயமான குரல்தான். மார்க் சிபாரிசு கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை, தலைவியின் சொந்தக்காரப் பிள்ளையா என்று பார்ப்பதில்லை. அதனால்தான் நமக்கு மார்க் மேல் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய முடியாது.

ஆனால் மார்க்கும் மனிதர்கள் போட்ட ஏற்பாடுதான். 2006 வரை நம் மாநிலத்தில் இஞ்சினியரிங், மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. டவுனில் கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டிப் படித்தவர்கள் முந்தினார்கள், கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு ஆராய்ந்து சொன்னதன்பேரில் சட்டம் போட்டு, 2007-ல் இருந்து அதை நீக்கினார்கள். பிளஸ் டூ மார்க்கே கணக்கானது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200-க்குக் கட் ஆஃப். நேற்று 'தகுதி' இல்லாதவள் இன்றைக்குத் தகுதி உள்ளவள் ஆனாள். பிள்ளை மாறவில்லை, அளக்கிற படிதான் மாறியது. பிறகு 2017-ல் மருத்துவத்துக்கு நீட் வந்தது, படி மறுபடி மாறியது. கொரோனாவால் 2021-ல் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டி மார்க் போட்டார்கள். அந்த மார்க்கை வைத்துத்தான் அந்த வருடம் சீட்டு.

அதே 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கிற வழக்கத்தையும் அரசு நிறுத்தியது. அது நல்லதென்றே எங்களுக்குத் தோன்றுகிறது. ஆனாலும் ஊரில் பிளக்ஸ் போர்டு நிற்கவில்லை!

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பற்றிப் பலருக்குக் கேள்வி இருக்கிறது. 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் இஞ்சினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவித்தார்கள். இது பொது வரிசையில் நம் பிள்ளைகள் நிற்கும்போது எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகு வந்த சட்டம். வந்தபோது எல்லாரும் கை தட்டினோம்.

கடற்கரைத் தொகுப்பில் மட்டும் ஒரு தாய் கை தட்டவில்லை. "எங்க ஊர்ல இருக்கிறதே சாமியார் நடத்துற எய்டட் ஸ்கூல்தான். அரசுப் பள்ளிக்கு எட்டு கிலோமீட்டர் போகணும். நாங்களும் மீன் விக்கிறவங்கதான், வசதியில்ல. எம்பொண்ணு ஏன் வெளியே நிக்கணும்?" என்று கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை. உதவி பெறும் பள்ளிகளைச் சேர்க்கக் கோரி நீதிமன்றம்வரை போனார்கள், கிடைக்கவில்லை. எங்கேயாவது ஒரு கோடு போட்டால், கோட்டுக்கு ஒரு அடி வெளியே ஒருத்தி நிற்கத்தான் செய்வாள். ஆனால் கோடு நகரவும் செய்யும். தாலிக்குத் தங்கமும் திருமண உதவியும் தந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022 செப்டம்பரில் பெண்களின் உயர்கல்விக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் என்று இருந்தது. 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. கேட்டுக்கொண்டே இருந்ததால் விரிந்தது. இந்த வருட நிபந்தனை என்ன என்பதை மட்டும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஓசையில்லாமல் அடிக்கிற கோடு ஒன்று உண்டு. அது முதல் பட்டதாரிச் சலுகை. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் பட்டதாரி ஆகிவிட்டால் அடுத்த பிள்ளைக்கு இல்லை. நம் வீடுகளில் முதலில் படிக்க அனுப்பப்படுவது யார்? மூத்த மகன். தங்கச்சி படிக்க வரும்போது சலுகை முடிந்துபோகிறது. விதியில் ஆண் என்றோ பெண் என்றோ எழுதவே இல்லை. ஆனால் நம் வீட்டுப் பழக்கம் அதைப் பெண்ணுக்கு எதிரான விதியாக்கிவிடுகிறது. இதற்கு அரசைக் குறை சொல்லி என்ன செய்வது?

மார்க்குக்கு வருகிற பணம்

மார்க் பார்த்துத் தருகிற அரசு உதவித்தொகைகள் எப்படிக் கோடு போட்டிருக்கின்றன என்று பார்ப்போம். நாமும் கோடு போடப் போகிறோம், தெரிந்திருப்பது நல்லது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு தேசிய வருவாய்வழி மற்றும் திறன் தேர்வு இருக்கிறது. பெற்றோர் வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை மாதம் 1000 ரூபாய். இதற்குத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் போட்டியிட முடியாது. அரசு, உதவி பெறும் பள்ளிகளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டுக்கு 6695 இடம். எட்டாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இப்போதே பள்ளியில் கேளுங்கள்.

கல்லூரிக்கு மத்திய அரசின் உதவித்தொகை ஒன்று உண்டு. பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தில் எழுதியவர்களில் மேலே உள்ள இருபது சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். அதாவது நூறு பேர் வரிசையில் நின்றால் முதல் இருபதுக்குள். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள். பட்டப்படிப்புக்கு வருடம் 12000 ரூபாய். நாடு முழுக்க வருடத்துக்கு 82000 பேர், அதில் பாதி பெண்களுக்கு. அறிவியல் பிரிவுக்கு மூன்று பங்கு, வணிகவியலுக்கு இரண்டு, கலைப் பிரிவுக்கு ஒன்று என்று பிரித்திருக்கிறார்கள். வரலாறு படித்த நம் பிள்ளைகளுக்கு ஏன் ஒரு பங்குதான் என்று கேட்டால் எங்களிடமும் பதில் இல்லை.

தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு பிரகதி உதவித்தொகை. வருடம் 50000 ரூபாய், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள்வரை வாங்கலாம், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள். பட்டத்துக்கும் டிப்ளமாவுக்கும் நாடு முழுக்கத் தருகிற திட்டம். சென்ற வருடம் நம் உறுப்பினர் மகள் ஒருத்தி, தகுதி இருந்தும் விண்ணப்பிக்கவே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவள் கல்லூரியில் யாரும் சொல்லவில்லையாம்.

கவனித்தீர்களா? 'மெரிட்' என்று பெயர் வைத்த திட்டங்கள்கூட வெறும் மார்க்கைப் பார்க்கவில்லை. வருமானம், பெண், பள்ளி என்று பக்கத்தில் இன்னொரு கேள்வியும் வைத்திருக்கின்றன.

ஆனால் வருமானச் சான்றிதழ் இருக்கிறதே! நம் ஊர்ச் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். மாடி வீட்டுக்காரருக்கும் ஓட்டு வீட்டுக்காரருக்கும் ஒரே வருமானம் எழுதியிருக்கும். (சிரிக்காதீர்கள், உங்கள் சான்றிதழும் அதில் இருக்கிறது.) அரசாங்கத்துக்கு வேறு வழியில்லை, அது காகிதத்தைத்தான் பார்க்க முடியும். நமக்கு அப்படியில்லை. இருபது பேர் கொண்ட குழுவில் யார் வீட்டில் அடுப்பு எப்போது எரிகிறது என்று மற்ற பத்தொன்பது பேருக்கும் தெரியும்.

நம்முடைய நிதி

உறுப்பினர்கள் மாதாமாதம் போட்ட பணத்திலிருந்து இந்த வருடம் ஆறு பெண்களுக்குத் தலா பத்தாயிரம் கொடுக்கலாம் என்று செயற்குழு கணக்குப் பார்த்திருக்கிறது. வந்திருக்கிற விண்ணப்பம் பதினான்கு. மார்க் வரிசையில் முதல் ஆறு பேருக்குக் கொடுத்துவிட்டால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. யாரும் கேள்வி கேட்கவும் முடியாது.

அந்த வரிசையில் முதலில் நிற்கிற பிள்ளை 600-க்கு 561. டவுனில் மெட்ரிக் பள்ளி, டியூஷன். தொகுப்புக் கூட்டத்தில் அவள் அம்மா எழுந்து கேட்டார்: "எம்பொண்ணு ராத்திரி ரெண்டு மணிவரைக்கும் முழிச்சுப் படிச்சா. நானும் இந்தக் குழுவில பன்னெண்டு வருசமா சேமிக்கிறேன். நகையை அடகு வெச்சு பீஸ் கட்டினேன். அவ மார்க் வாங்கினது குத்தமா?" கூட்டம் அமைதியாகிவிட்டது. அந்த அம்மா கேட்டதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒன்பதாவது இடத்தில் நிற்கிற பிள்ளை 438. அரசுப் பள்ளி. பிளஸ் ஒன் படிக்கும்போது பாதி வருடம் இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை. சாயங்காலம் ஜவுளிக் கடையில் வேலை. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்திருக்கிறது. கல்லூரிக் கட்டணம் குறைவுதான். ஆனால் விடுதி, பஸ், புத்தகம், கடை வேலையை விட்டால் நின்றுபோகிற சம்பளம் எல்லாம் யார் கணக்கில் வரும்? பதினொன்றாவது இடத்தில் நர்சிங் டிப்ளமா படிக்கப் போகிற ஒரு பெண். "அது காலேஜே இல்லையே" என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்த்தால் தெரியும் அது படிப்பா இல்லையா என்று.

எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம், முடிவு உங்களுடையது. பரிசு வேறு, உதவி வேறு. நன்றாகப் படித்த பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு, மாலை போட்டு, ஆயிரம் ரூபாய் பரிசு கொடுப்போம். எத்தனை பேர் நல்ல மார்க் வாங்கினாலும் அத்தனை பேருக்கும் கை தட்டுவோம், கைதட்டலுக்குப் பட்ஜெட் கிடையாது. ஆனால் பத்தாயிரம் ரூபாயைக் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்போம்: இந்தப் பணம் இல்லையென்றால் இந்தப் பெண் படிக்கப் போவாளா, மாட்டாளா? 561 வாங்கிய பெண் போவாள். நகை அடகிலிருந்து மீள அந்தத் தாய்க்கு உதவி வேண்டும்தான், அதற்கு நம்மிடம் உள்கடன் இருக்கிறது, வங்கியில் கல்விக் கடன் இருக்கிறது. நாலு லட்சம்வரை பிணையும் முன்பணப் பங்கும் கேட்காமல் கொடுக்க வேண்டிய கடன் அது. படிப்பு முடிந்து ஒரு வருடம்வரை தவணை கிடையாது. விண்ணப்பிக்க நாங்களே கூட வருகிறோம். 438 வாங்கிய பெண்ணுக்கு ஜவுளிக் கடை முதலாளி இப்போதே முழு நேர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நாம் குழுவில் கடன் கொடுக்கும்போது என்ன செய்கிறோம்? அதிகம் சேமித்தவருக்குத்தான் முதல் கடன் என்றா தீர்மானம் போடுகிறோம்? யாருக்கு அவசரம் என்று பேசி, சில நேரம் குரலை உயர்த்திச் சண்டை போட்டு, மருத்துவச் செலவுக்காரரை முன்னால் விட்டு, மாடு வாங்குகிறவரை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம். அதற்காக உழைக்காதவருக்கு அள்ளிக் கொடுக்கிறோம் என்று அர்த்தமில்லை. திருப்பிக் கட்டுகிற முனைப்பையும் பார்க்கிறோம். இங்கேயும் அப்படியே. வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாளா என்பதை ஒவ்வொரு பருவமும் கேட்டுவிட்டு அடுத்த வருடம் தொடர்வோம். மத்திய அரசின் உதவித்தொகையைப் புதுப்பிக்கவும் 75 சதவீத வருகை கேட்கிறார்கள், அதையே நாமும் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு நிலைமையை விசாரிக்க அந்தந்தக் குழுவிலிருந்து ஆள் போக வேண்டாம். வேறு தொகுப்பிலிருந்து இரண்டு பேர் போகட்டும். சொந்தம், பகை இரண்டும் குறையும். விசாரித்ததை மைக்கில் வாசிக்கக் கூடாது. "அப்பா குடிக்கிறார், சாப்பாட்டுக்கே கஷ்டம்" என்று முந்நூறு பேர் முன்னால் வாசித்துவிட்டு, அந்தப் பெண் கையில் செக்கைக் கொடுத்துப் போட்டோ எடுத்து, இதே செய்தி மடலில் போட்டால், அவள் நாளைக்குக் கல்லூரிக்குப் போவாளா, ஓடி ஒளிவாளா? இந்த வருடம் பெயர் வேண்டாம், படம் வேண்டாம். எத்தனை பேருக்கு, எவ்வளவு, என்ன படிப்பு என்று கணக்கு மட்டும் மடலில் வரட்டும்.

கடைசியாக, எல்லாரும் கேட்கத் தயங்குகிற விஷயம். விண்ணப்பப் படிவத்தில் பன்னிரண்டாவது கட்டம்: 'தாயின் கடன் நிலுவை உண்டா?' பதினான்கு பேரில் மூன்று பேருக்கு நிலுவை இருக்கிறது. அந்த மூன்றையும் முதலிலேயே தள்ளிவிட வேண்டும் என்று இரண்டு தொகுப்புகள் எழுதிக் கொடுத்திருக்கின்றன. அவர்கள் பக்கத்துக் காரணத்தையும் சொல்ல வேண்டும். இது நம் பணம். வயிற்றைக் கட்டி, தவணை தவறாமல் கட்டியவர், கட்டாதவர் வீட்டுக்கு உதவி போவதைப் பார்த்தால் அடுத்த மாதம் அவருக்கும் கை வராது. குழு உடைவது இப்படித்தான் ஆரம்பிக்கும். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் கடன் தாயின் பெயரில் இருக்கிறது, விண்ணப்பம் மகளின் பெயரில் இருக்கிறது. அந்த மூன்று தாய்மாரில் ஒருவர் கணவர் சிகிச்சைக்கு வாங்கிய கடன் அது என்று அவருடைய குழுவே தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறது. வீட்டில் தவணை கட்ட முடியாத நிலைமை என்பதே, உதவி யாருக்குத் தேவை என்பதற்கு ஒரு சாட்சி. பணத்தை வீட்டில் கொடுக்கப் போவதில்லை. கல்லூரிக்கும் விடுதிக்கும் நேரடியாகக் கட்டப் போகிறோம். ஆகவே அதைக் கடனுக்கு வரவு வைக்கவும் முடியாது, வேறு செலவுக்குப் போகவும் வழியில்லை. நிலுவையை வசூலிக்க நமக்குக் குழுக் கூட்டம் இருக்கிறது, தவணையை மாற்றி அமைக்கிற விதி இருக்கிறது. அந்த வேலைக்குப் பிள்ளையைப் பிணையாக வைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எங்களுக்கு இங்கே ஓட்டு இல்லை.

விசாரணைக்குப் போகிறவர்களின் பெயரைத் தொகுப்புத் தலைவிகள் வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். இப்போது செயலாளர் தீர்மானத்தை வாசிப்பார். பன்னிரண்டாவது கட்டத்தை எடுத்துவிடலாம் என்கிறவர்கள் முதலில் கையைத் தூக்குங்கள். இருக்கட்டும் என்கிறவர்கள் அதற்குப் பிறகு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கைதான், எண்ணுவதற்கு ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் ஒருவர் முன்னால் வாருங்கள்.